முறுக்கிய தையல்

1996, தை மாதம், ஞாயிறு.

என்னைப் பெண் கேட்டிருக்கும் பனியன் கம்பெனி மேனேஜரோடு சினிமாவுக்குப் போனேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நாளை காலையில் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன்.

டப்பிங் படம், ஏமாற்றிவிட்டது. ஒரு வெளிநாட்டு வங்கி அரசாங்கங்களையே விலைக்கு வாங்குகிறது. கண்ணாடி அறைகளில் வெள்ளைக்காரர்கள் சுத்தத் தமிழில் சதி செய்கிறார்கள். வெளியே ஓயாமல் பனி. அண்ணன் தூங்கிவிட்டான். நானும் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வந்த குமாஸ்தாவைச் சுட்டார்கள். வெறும் பனியனோடு அவன் பனியில் மெதுவாக, மிக மெதுவாக விழுந்தான்.

அண்ணனைத் தாண்டி மேனேஜர் எட்டிச் சொன்னார்: "ஏனுங்க, அந்தாளு பனியன்ல சைடு தையல் முறுக்கி வயித்துக்கே வந்துருச்சு, பாத்தீங்களா?"

"ஆளே செத்துட்டாருங்க."

"ஆமாங்க, பாவம். அந்தக் குளுருக்கு ஒரு ஸ்வெட்டராச்சும் குடுத்திருக்கலாமுங்க."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. அந்தக் குமாஸ்தாவுக்குக் குளிரும் என்று படம் எடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கண்ணை மூடினால் இன்னும் பனி விழுகிறது. காலையில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சரி என்றும் இல்லை. "அவரோடு இன்னொரு படம் பார்க்க வேண்டும், அம்மா" என்பேன்.