டயரின் உள்பக்கம்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் அது முழு உண்மை இல்லை. நான் சுகம், அம்மா முக்கால்வாசி சுகம். பதறாதே, உட்கார்ந்து படி. எழுந்து நடமாடுகிறாள், காலையில்கூட நான் போட்ட காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று திட்டினாள். காலையிலிருந்து உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை, நடுராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து போனை ஊமையாக்கிவிட்டுத் தூங்குகிறாய் என்று புரிகிறது. கண் விழித்ததும் நீ முதலில் பார்ப்பது மெசேஜைத்தானே, அதனால் இதைக் கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன், அந்தப் பொடி எழுத்துகளைத் தட்டுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை, ஒரு வரிக்கு அரை மணி ஆகும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அடுத்த ஷிப்டுக்கு நீ காரை எடுப்பாய். இப்போது மணி பத்தேகால். உன் ஊரில் மழை என்று போன் காட்டுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கிறேன், மழை மழை என்றே காட்டித் தொலைக்கிறது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்குக் காரைத் தொடாதே. பஸ்ஸில் போ. லேட்டானால் ஆகட்டும், உன் பரிசோதனைக்கூடத்து மேடம் கேட்டால் எங்கப்பா ஒரு தொல்லை பிடிச்ச ஆள் என்று சொல்லிவிடு.

போன வாரமும் இதைத்தானே சொன்னீர்கள் என்பாய். ஆமாம், புதன்கிழமை போன் செய்து டயரை மாற்று என்றேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். போன மாசம்தானேப்பா இன்னும் ஒரு வருஷம் ஓடும்னீங்க, எந்த டயர் கடைக்காரன் உங்களை இப்படி மாத்தினான் என்றாய். நானும் உன்னோடு சேர்ந்து அசடு மாதிரி சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி சொன்னதற்கு சரி சரி அடுத்த மாசம் பார்க்கலாம் என்றாய். உன்மேல் தப்பில்லை. காரணம் சொல்லாமல் மாற்று மாற்று என்றால் யார் கேட்பார்கள். காரணத்தைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாள், அவ அங்க தனியா இருக்கா, தெரிஞ்சா லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவா, வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க என்று. அவள் இப்போது குளிக்கப் போயிருக்கிறாள், ஒரு கையால் குளித்து வர முக்கால் மணி நேரமாகும், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

ஒரு கை என்று எழுதிவிட்டேன் பார். சரி, சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மழைகூட இல்லை, சும்மா தூறல். பேக்கரி தாண்டி ஒரு வளைவு வருமே, அங்கே சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்தார், நான் வேகமாகப் போகவில்லை, நீ அம்மாவைக் கேட்டுப் பார், பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது, நான் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்புகிறேன், அது தன் பாட்டுக்கு இன்னொரு பக்கம் போகிறது. சைக்கிள்காரர் தப்பித்துவிட்டார், நாங்கள் விளக்குக் கம்பத்தில் போய் நின்றோம். அம்மா விழாமல் இருக்க முன்னால் கையை ஊன்றியிருக்கிறாள், வலது மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீடியோவில் வா என்று நீ கூப்பிடும்போதெல்லாம் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாளே, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. பட்டன் தைக்கிற கை அது வாலு. நான் கடையில் வெட்டித் தைப்பதை எல்லாம் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்து, ஓரம் மடித்து, உருப்படியாக ஆக்குகிற கை. அவள் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, நாலு திட்டு திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இனிமேல்தான் உனக்கு வேண்டிய விஷயம். மறுநாள் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன், பிரேக்கை ஒழுங்காகப் பார்க்காத உன்னைச் சும்மா விடுகிறேனா பார் என்று சண்டைக்குத்தான் போனேன். அந்த ஆள் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்துக்குப் பின்பக்கம் கையை விட்டு, இங்க வாங்க சார், குனிஞ்சு பாருங்க என்றார். வெளிப்பக்கம் வரிப்பள்ளம் நல்ல ஆழமாக இருந்த அதே டயர், உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து கம்பி தெரிகிறது. அலைன்மென்ட் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டார். சக்கரம் நேராக நிற்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்ப்பது எல்லாம் காசு பிடுங்குகிற வேலை, நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கை ஒரு நிமிஷம் விட்டுப் பார், வண்டி நேராகப் போனால் எல்லாம் சரி என்று உனக்கே பெரிய மேதை மாதிரி பாடம் எடுத்தவன்தானே நான். நம் கடைக்கு ஒரு சட்டை பழுதுக்கு வந்தால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பவன், இரண்டு வருஷமாக டயரை வெளியிலிருந்தே பார்த்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஷெட்டில் நின்றபோதுதான் போன மாசம் நீ அனுப்பிய டயர் போட்டோ ஞாபகம் வந்தது. உடனே போனில் தேடி எடுத்துப் பார்த்தேன். நாலு டயரையும் நாலு படம் எடுத்திருக்கிறாய், நாலும் வெளிப்பக்கம். அதைப் பார்த்துத்தான் நான் தாராளமாக ஓடும் என்று தீர்ப்பு சொன்னேன். நீங்க சொன்னா சரிப்பா என்றாய். அந்த வார்த்தை ஆறு நாளாக என்னைப் போட்டுப் பிடுங்குகிறது.

நடுவில் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன், ஒரு காரணமும் இல்லை, உட்கார முடியவில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து நான் உனக்குச் சொன்ன யோசனைகளை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன், எது உன்னைக் காப்பாற்றும், எது உன்னைக் கவிழ்க்கும் என்று. டிக்கியில் வேண்டாத மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு திரியாதே என்றேன், அது சரி, ஆனால் ஸ்டெப்னியை இறக்கி வைத்தால் வண்டி லேசாகும் பெட்ரோல் மிச்சம் என்று நான் வேடிக்கையாகச் சொன்னதை நிஜமாகவே செய்து வைத்திருந்தாயானால் தயவுசெய்து இன்றே திரும்ப ஏற்றிவிடு. வாரம் ஒரு தடவை காலையில் டயர் சூடாகும் முன் காற்று பார்ப்பது, நல்லது, விடாதே, பெட்ரோலும் மிச்சம் டயரும் மிச்சம். உறுமாமல் நிதானமாக ஓட்டுவது, தூரத்தில் சிக்னல் சிவப்பைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது, நாலு வேலையை ஒரே நடையில் முடிப்பது, வாளித் தண்ணீரில் நீயே கழுவுவது, ஏர் ஃபில்டரை நீயே தட்டிப் போடுவது, இன்ஷூரன்ஸ் முடிவதற்கு முன் நாலு இடத்தில் விசாரித்துப் பார்ப்பது, இதெல்லாம் இருக்கட்டும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டலாம் என்றேனே, அதை மறந்துவிடு, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். பிரேக் கட்டை கிறீச்சிட ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து மாற்றலாம் என்றேனே, அதையும் மறந்துவிடு. வண்டி ஓடுகிற செலவில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடி, வண்டி நிற்கிற செலவில் ஒரு பைசாவும் மிச்சம் பிடிக்காதே. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மிச்சம் பிடிப்பது என்றால் எனக்கு ஒரு கிறுக்கு, வெட்டிய துணியில் ஒரு கைக்குட்டை தேறினால் அன்றைக்கு முழுவதும் சீட்டியடிப்பேன், அந்தக் கிறுக்கை உன் காரிலும் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பார்க்கும் விதம் சொல்கிறேன், கவனமாகப் படி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரே பக்கமாக முழுவதும் திருப்பு, முன் சக்கரத்தின் உள்பக்கம் வெளியே தெரியும். டார்ச் அடித்துப் பார், விரலால் தடவும்போது மெதுவாக, கம்பி வந்திருந்தால் கிழித்துவிடும். மறுபக்கம் திருப்பி இன்னொன்றைப் பார். பின் சக்கரத்துக்குத் தரையில் குந்தித்தான் பார்க்க வேண்டும், பழைய பேண்ட் போட்டுக்கொள். இந்தத் தடவை படம் எடுத்து எனக்கு அனுப்பாதே, நான் படம் பார்த்துத் தீர்ப்பு சொன்னது போதும். மழை விட்ட பிறகு மெதுவாக ஓட்டி ஒரு டயர் கடைக்குப் போய், தூக்கிக் காட்டுங்கள் என்று சொல்லி, உன் கண்ணால் பார். தேய்ந்திருந்தால் மாற்று, கூடவே அலைன்மென்ட் பார், அப்படிப் பார்த்தால்தான் புது டயரும் ரொம்ப நாள் உழைக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, இதைத்தான் போனில் சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கினேன். இருபத்தெட்டு வருஷமாகத் தையல் கடை நடத்துகிறேன், சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்து நின்றவர்களிடம் நீங்கள்தான் பெருத்துவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேனே தவிர, என் அளவு தப்பு என்று ஒருவரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. உனக்கு ஒத்துக்கொள்கிறேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் கண்ணு. அப்பா சொன்னது தப்பு. உனக்குக் கோபம் வரும், அம்மாவை இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று கத்துவாய், கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் டயரைப் பார்த்துவிட்டு வந்து கத்து.

இதை எழுதும்போதே உன் அம்மா ஈரத் தலையோடு வந்து பின்னால் நின்றுவிட்டாள், எனக்குத் தெரியவே இல்லை. முழுவதும் படித்தாள். போச்சு, இன்றைக்கு நமக்குச் சோறு இல்லை என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைக் கேட்கிறாள். வலது கைதான் மாவுக்கட்டில் இருக்கிறதே என்றேன், இடது கை எங்க போச்சு என்கிறாள். கொடுத்துவிடுகிறேன். நீ நல்லா இருக்கணும், நூறு வயசு நல்லா இருக்கணும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, குடை எடுத்துக்கொள், பஸ் ஏறியதும் ஏறிவிட்டேன் என்று ஒரு வரி போடு, அதுவரை நான் இந்த அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மாடி, எழுத்து கோணலா இருக்கும், புரிஞ்சுக்கோ. கை வலிக்குதுடி. அவரைத் திட்டாதே, ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கார். நீ கார் சாவியை எடுக்காதே.