பழைய சிலிண்டரைக் கழற்ற வேண்டாம், மாமா

மாமா,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். உங்கள் மகன் வர நேரமாகும். நேற்றுபோல் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். கோபம் என் மேல்தானே, சாப்பாட்டின் மேல் இல்லையே.

மதியம் கடைக்காரர் வந்து புது தீயணைப்பு சிலிண்டரைச் சமையலறைக் கதவோரம் மாட்டிவிட்டு, பழையதை எடுத்துப் போவார். போன முறை மாதிரி, "இது நல்லாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நேற்று எண்ணெய்ச் சட்டி பற்றியபோது நீங்கள் அழுத்த அழுத்த அது புஸ்ஸென்று மூச்சு விட்டதோடு சரி. அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூடியதால் தப்பித்தோம்.

அவர் வரும்வரை பழைய சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள். அதன் தலையைக் கழற்றிவிட்டுப் பூந்தொட்டி செய்ய, காலையில் நீங்கள் ஸ்பேனர் தேடியதைப் பார்த்தேன். காலி மாதிரி தெரிந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். கழற்றினால் முகத்தில் பாயும். குப்பையிலும் போடக் கூடாது, வண்டியில் நசுங்கினால் வெடிக்கும். ஸ்பேனர் என் கைப்பையில் இருக்கிறது, வீணாகத் தேட வேண்டாம்.

"உங்க பிடிவாதத்தால வீடே போயிருக்கும்" என்று நேற்று உங்கள் மகன் முன்னால் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை.

நேற்று சுட்டுக்கொண்ட விரலுக்கு மருந்து போடுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். சிலிண்டர் கைவிட்டதும் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு நெருப்புக்கு முன்னால் நின்றீர்களே, அது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இனி அப்படி நிற்காதீர்கள் மாமா. இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே ஓடுவோம்.