பதினாறு கோர்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் கடையில் உன் அப்பாவின் மானம் கப்பலேறியது. உன் கம்ப்யூட்டருக்குப் பிராசஸர் கேட்டேன். கடைக்காரர் பிஸ்கட்டைவிடச் சின்னதாக ஒரு சதுரத்தைக் காட்டினார். "சாம்பிள் பார்த்தாச்சு, பொருளை எடுங்க" என்றேன். கடையே சிரித்தது.

எட்டுக் கோர், வேகம் அதிகமானது என்று நீ எழுதியிருந்தாய். கோர் என்றால் உள்ளே வேலை செய்கிற ஆள் மாதிரி என்றார் அவர். பக்கத்திலேயே பதினாறு கோர் இருந்தது. வீடு மாற்றித் தருகிற தொழில் என்னுடையது. எட்டுப் பேர் நிற்கிற லாரியையும் பதினாறு பேர் நிற்கிற லாரியையும் காட்டினால் எதைக் கூப்பிடுவேன்? பதினாறையே அனுப்பியிருக்கிறேன். நீ வரைகிற மருத்துவமனை வரைபடத்தைப் பதினைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமே, எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 6

அப்பா,

மாட்டிப் பார்த்தாயிற்று. வரைபடத்தில் ஒரு சுவரை நகர்த்தினால் திரை முன்பு மாதிரியே உறைந்து நிற்கிறது.

சுவர் நகர்ந்த பிறகுதான் ஜன்னல் நகரும், அதன் பிறகுதான் கூரை. உங்கள் தொழிலில் சொன்னால், ஒரே ஆள் ஏறக்கூடிய மாடிப்படி. பதினைந்து பேர் கீழே கைகட்டி நிற்கிறார்கள், ஏறுகிறவர் மெதுவாக ஏறுகிறார். கடைசியில் கட்டடத்தை வண்ணப்படமாக எடுக்கும்போதுதான் மற்றவர்களுக்கு வேலை. நான் இன்னும் சுவரிலேயே நிற்கிறேன்.

வேலையை விட்டுத் தனியாக வந்த பிறகு கிடைத்த முதல் கட்டடம் இது. தேதி தவறினால் என் பழைய ஆபீசுக்கே போய்விடும்.

நான் கேட்டதை நீங்கள் வாங்கித் தந்ததே இல்லை. எனக்கு நல்லது என்று நீங்கள் நினைத்ததைத்தான் வாங்குவீர்கள். சைக்கிள் கேட்டேன், தையல் மெஷின் வந்தது. இனி உங்களிடம் எதையும் கேட்கமாட்டேன். பிராசஸரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை. பழையதை வைத்தே பார்த்துக்கொள்கிறேன்.

மகள்


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

"பொண்ணு கொஞ்சம் கோபமா இருக்கா" என்றேன் அம்மாவிடம். "கொஞ்சமா?" என்று கடிதத்தைப் பிடுங்கிப் படித்தவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

சூடு தணிக்கும் பசை தடவி மாட்டியதைத் திருப்பி எடுக்கமாட்டாராம் கடைக்காரர். "அன்னைக்கே சொன்னேனே சார், பொண்ணு எழுதினதை வாங்கிட்டுப் போங்கன்னு."

"சொன்னீங்க. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

சிரித்துவிட்டார். அவர் வீடு மாறப்போகிறாராம். பீரோ முதல் பூந்தொட்டி வரை நானே இறக்கித் தருவதாகப் பேசி மாற்றி வாங்கினேன். நீ எழுதிய பெயரையும் எண்ணையும் பெட்டியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். என் புத்தியை இதில் துளியும் கலக்கவில்லை. இன்றைய பஸ் பார்சலில் வருகிறது.

அப்பா


மார்ச் 16

அப்பா,

பிராசஸர் வந்தது. சுவர் இழுத்த கையோடு நகர்கிறது. வரைபடங்களை நேற்றுக் கொடுத்துவிட்டேன். உங்கள் உதவிக்கு நன்றி.

மகள்


மார்ச் 27

அன்பு மகளுக்கு,

சாமான்களை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று "உங்க உதவிக்கு நன்றி" என்பார்கள். எனக்குப் பழக்கமான வார்த்தைதான். ஆனால் உன் கையெழுத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நேற்று நீ போன் செய்து, கட்டடம் உனக்கே உறுதியாகிவிட்டது என்றாய். "சரி சரி, சாப்பிட்டியா?" என்றேன்.

"ஆச்சுப்பா."

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முதுகு வலி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். பாதி உண்மை, கடைக்காரர் பீரோ அப்படி.

"ஏதாவது வேணுமாடி?" என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது. நீ நிறையச் சொன்னாய் போலிருக்கிறது. அவள் "ம்... ம்... அனுப்பறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னவென்று என்னிடம் சொல்லவில்லை.

நடுவில் போனை வாங்கக் கை நீட்டினேன். "என்கிட்டயும் ஏதாவது கேளும்மா" என்று சொல்லத்தான். அம்மா என்னவென்று சைகையில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

அப்பா