மாத்திரை கிடைக்காத கூட்டம்

கர்க்கடகம் 5, திங்கள்
முகாமில் பட்டாளக்காரர்களுக்கு மட்டும்தான் மாத்திரை கொடுத்தார்கள். வடிகாலில் இறங்கி மண் அள்ளியவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதில் ஒருவன் என் அண்ணன்.

காலையிலிருந்து மழை. போன வாரம் ஜவான்கள் இரண்டு பேருக்கு எலிக்காய்ச்சல். அன்றைக்கே மற்ற ஜவான்கள் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை. ஒப்பந்தக் கூலிகள் முகாம் ஆட்கள் இல்லையாம். காண்டிராக்டர் பார்த்துக்கொள்வாராம்.

நானும் இங்கே ஒப்பந்தம்தான். தினமும் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிகளுக்குப் போன். யாருக்குக் காய்ச்சல், எந்த ஊர் விலாசம். சுற்றுவட்டாரத்தில் நோய் கிளம்பினால் பட்டாளத்துக்கு முதலில் தெரிய வேண்டும்.

குடைக்கம்பி மாற்ற வேண்டும். பினாயில் வாங்க வேண்டும்.

புதன்
நேற்றிலிருந்து அண்ணனுக்குக் காய்ச்சல். கண் சிவப்பு. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துகிறான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பால் இல்லாத தேநீரை ஆற்றிக்கொண்டே சிரிக்கிறான்.

"எட்டி, பட்டாளக்காரனுக்குக் காய்ச்சலுன்னா ரத்தம் எடுப்பாவ. நமக்குக் கட்டஞ்சாயா ஆக்கும்."

சாயங்காலம் மதினியே களியக்காவிளை தாண்டி தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். விலாசம் அவள் அம்மா வீட்டுடையது. அந்தக் காப்பீட்டு அட்டையில் அண்ணன் பெயரும் உண்டு. இங்கே எல்லோரும் செய்வதுதான். ரேஷன் இந்தப் பக்கம், ஆபரேஷன் அந்தப் பக்கம். என் குடல்வாலை எடுத்ததும் அத்தை வீட்டு விலாசத்தில்.

வியாழன்
எலிக்காய்ச்சலேதான். மூத்திரம் குறைந்துவிட்டது.

ரிப்போர்ட்: சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கு எலிக்காய்ச்சல் இல்லை. டைப் அடித்தது நான். எந்த ஆஸ்பத்திரியும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட இடங்களில் அவன் இல்லை, அவ்வளவுதான். இப்படி எத்தனை பேர் எல்லை தாண்டிப் படுத்திருக்கிறார்களோ.

முகாம் மேஜர் டாக்டரிடம் அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் இல்லை, அதுவே எரிச்சல். ஆஸ்பத்திரியில் கொடுத்த விலாசம் கேட்டார். சொன்னேன். அது நம்ம பகுதிக்குள்ள வராதும்மா என்றார். வடிகால் உங்கள் மதிலுக்குள் இருக்கிறது என்றேன். மேலே எழுதிக் கேட்கிறேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

வெள்ளி
அண்ணனுக்கு டயாலிசிஸ். மதினி போனில் அழவே இல்லை. பயமாக இருக்கிறது.

அவனோடு மண் அள்ளும் ஸ்டீபனை முகாம் கேட்டில் மறித்தேன். அவனுக்கும் ராத்திரி குளிர்காய்ச்சலாம். இன்றைக்கு இறங்காதே என்றேன்.

"நான் இறங்காட்டா வேற ஆளு இறங்கும் மக்கா. அந்த வடிகால் வெள்ளம் அவன விட்டுருமா?"

மேஜர் அறை. ஜன்னலில் தெரிகிறது: ஸ்டீபனும் மற்றவர்களும் முட்டளவுத் தண்ணீரில், வெறுங்காலோடு. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"மாத்திரை குடுங்க சார். இல்லேன்னா இப்பமே அவங்கள மேல ஏத்துங்க."

அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு, மேஜர் குடையை எடுத்துக்கொண்டு ஜவான்களின் வார்டு பார்க்கப் போனார்.