கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்றுப் பதினாறு செருப்புப் படங்களுக்குப் பின்னணி வெட்டினேன். எல்லாம் இடது கால். விற்பனைப் பட்டியலுக்கு வலது காலை யாரும் படம் எடுப்பதில்லை. இடதைத் திருப்பிப் போட்டால் வலது ஆகிவிடுகிறது. தத்துவத்தில் முதுகலை படித்தவளுக்கு இதில் யோசிக்க ஏதாவது இருக்க வேண்டும். இல்லை.

சாயங்காலம் அம்மா ஹாலுக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்றாள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளன்று நால்வருமாக எடுத்துக்கொண்டது.

"நாலு பேர் வேண்டாம். மூணு பேர் போதும். உனக்குத் தெரிஞ்ச வேலைதானே?"

நாலாவது ஆள் தம்பி. அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. மறுநாள் வந்து வாசலில் நின்றான். அம்மா கதவைத் திறக்கவில்லை. தெருமுனையில் என்னிடம் மட்டும் சொன்னான்: "பஸ்ல ஏறினேன்க்கா. பாதி வழியில இறங்கிட்டேன். ஏன்னு தெரியல."

நாற்பத்திரண்டு வயதுக்காரன் சொல்கிற காரணமா இது? நான் நம்பவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

மார்ச் 6

அம்மா மறுபடி கேட்டாள். "செருப்பெல்லாம் வெட்டுற, இவன வெட்ட மாட்டியா?" இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது போல. சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

செய்துவிட்டேன்.

வெட்டவில்லை. அழிப்பானை எடுத்துத் தேய்ப்பது பழக்கமில்லாதவர்கள் செய்வது. தேய்த்தது போனால் போனதுதான். மாஸ்க் அப்படி இல்லை. படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாள். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பு பூசிய இடத்தில் மறையும். பிறகு எப்போது வேண்டுமானாலும் வெள்ளை பூசித் திரும்ப வரவழைக்கலாம். அம்மாவின் கோபம் எத்தனை நாள் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம். அதனால்தான் இதற்குச் சம்மதித்தேன் என்று எழுதிவைக்கிறேன். உண்மையா அது? தெரியவில்லை.

தம்பி என் பின்னால் நிற்கிறான். வெறும் சுவர் பின்னணி, அடியில் அதே சுவரை விரித்துவைத்தேன். சுலபம்தான். முடியோரத்துக்கு அரை மணி நேரம். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது, அதை இன்றுதான் பார்த்தேன். சிறிய பிரஷ், இருநூறு சதவீதம் பெரிதாக்கிய திரை, என் தம்பியின் காது. கறுப்பு.

விரல்களில் மாட்டிக்கொண்டேன். அவன் கை என் தோளில் இருக்கிறது. நான்கு விரல்கள் முன்பக்கம் தெரிகின்றன. அவற்றை மறைத்தால் அங்கே ஓட்டை விழும். விரலுக்கு அடியில் என் கட்டம் போட்ட சால்வை எப்படி இருந்தது என்று படத்துக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டங்களை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். கோடு கோணியது. மூன்று முறை. பிறகு விட்டுவிட்டேன். பாசத்தில் விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம் — யார் நினைக்கப் போகிறார்கள், இதை நான் மட்டும்தானே படிக்கிறேன் — பொறுமை போய்விட்டது, அவ்வளவுதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் சால்வையின் மடிப்பு.

மார்ச் 16, ஞாயிறு

படம் மாட்டியாகிவிட்டது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பகல் பதினொரு மணி.

ஏப்ரல் 2, புதன்

சித்தி வந்திருந்தாள். ஹாலில் நின்று படத்தைப் படம் எடுத்தாள். சும்மாதான் என்றாள். சித்தி எதையும் சும்மா செய்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 3

மதியம் அலுவலகத்துக்குத் தம்பி போன் செய்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படம் பாத்தேன்க்கா. முடியெல்லாம் சுத்தமா வந்திருக்கு. நல்ல வேலைக்காரி நீ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அம்மா கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாயா என்றாவது. நான் சொன்னது: "வெட்டல. மறைச்சிருக்கேன்."

அவன் லேசாகச் சிரித்தான். "சரி. நான் மறைஞ்சிருக்கிறது உங்களுக்கும் நல்லதுதான்" என்றான். பக்கத்து மேசைக்காரி கைக்கடிகாரப் படம் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு சந்தேகம் கேட்கக் காத்திருந்தாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 4

அழைத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

அணைத்து வைத்திருக்கிறானாம். போனில் ஒரு பெண் குரல் அதையே சொல்கிறது. கைக்கடிகாரங்கள் இருநூறு.

ஏப்ரல் 19, சனி

அவன் ஊருக்குப் போனேன், ஐந்து மணி நேரப் பயணம். அறையை வாடகைக்கு விட்டவர் கதவைத் திறந்துவிட்டார். பதினைந்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறதாம். போர்வை மடித்திருந்தது. தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. போன் மேசையில். சுவரில் ஒரு படம்கூட இல்லை. "ரொம்ப அமைதியான ஆளும்மா, இருக்காரான்னே தெரியாது" என்றார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், பாதி வழியில் ஏதோ ஓர் ஊரில் நின்றபோது எனக்கும் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இப்போது நம்புகிறேன். யாருக்கு என்ன பயன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

காவல் நிலையம். எழுதிக்கொண்டவர் தன்மையாகவே கேட்டார். உயரம், நிறம், தழும்பு, கடைசியாகப் பேசியது எப்போது. என்ன பேசினீர்கள்?

படத்தைப் பற்றி என்றேன்.

"தனிப் படம் ஒண்ணு வேணும். கூட யாரும் இருக்கக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள குடுத்தீங்கன்னா இன்னைக்கே அனுப்பிடலாம்."

அவனுக்குத் தனிப் படம் கிடையாது. கேமரா என்றால் எழுந்து போய்விடுவான். அந்தப் பிறந்தநாளன்று நான் இழுத்துப் பிடித்து நிறுத்தினேன்.

அலுவலகத்துக்கு ஓடினேன். கோப்பைத் திறந்தேன். மாஸ்க்கைத் தலைகீழாக்க ஒரே ஒரு கட்டளை போதும். கறுப்பெல்லாம் வெள்ளையாகும், வெள்ளையெல்லாம் கறுப்பாகும். அப்பா போனார், அம்மா போனாள், நான் போனேன். அவன் மட்டும் நின்றான், முடியோரம் பிசிறில்லாமல். அவனை நீக்குவதற்காக நான் செய்த அதே வேலை. ஒரு நரை தவறவில்லை.

நாலே முக்காலுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே போய் நின்று பார்த்தாள்.

"கை ஏன்டி இப்படி இருக்கு? விரலெல்லாம் எங்க?"

முகத்தைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை. அன்று கறுப்பு பூசாமல் விட்ட இடம் இன்று கறுப்பாகியிருக்கிறது. கை புறங்கையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வெறும் சுவர்.

நான் ஹால் படத்தைக் காட்டினேன். அம்மா கிட்டே போனாள். என் தோளைக் கண்ணாடியின் மேல் விரலால் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இத அதுல எடுத்து வைக்க முடியாதா?"

முடியும் என்றேன். இரண்டு நிமிட வேலை.

ஏப்ரல் 23

விரல்களோடு புதிய பிரதி கொண்டுபோனேன். வாங்கவில்லை. பழையது எல்லா இடத்துக்கும் போய்விட்டதாம். முகம் போதுமாம்.

மே 11, ஞாயிறு

தகவல் இல்லை.

நேற்று நூற்று நாற்பது செருப்புகள்.

நால்வரும் இருக்கும் படத்தை அச்சடித்து வந்தேன். மாட்டலாமா என்று கேட்டேன். "அவன் வரட்டும்" என்றாள் அம்மா. நாற்காலியை மட்டும் ஹால் படத்துக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பாவைப் பார்ப்பதில்லை. என் முகத்தையும் பார்ப்பதில்லை. என் தோளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.