பாதி விலை லென்ஸை நீட்டும் கடைக்காரர்

மகளே,

சோறு மூடி வைத்திருக்கிறேன். முட்டையைச் சூடு பண்ணிக்கொள். வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதே, மாடிவீட்டு அக்கா பார்த்துவிட்டாள்.

மாலையில் கேமராக் கடைக்காரர் வருவதாகச் சொன்னாயே, அதைப் பற்றித்தான். "அம்மா, எல்லாரையும் சந்தேகப்படாதே"ன்னு நேற்று எரிந்து விழுந்தாய். சரி, நீயே யோசி. உன் முதல் கேமராவுக்கு 300 மி.மீ. வரை இழுக்கிற பெரிய லென்ஸைத்தானே கேட்டாய்? அவரோ, "அது கனம்ங்க, உங்க கழுத்து வலிக்கும். 18-135 லென்ஸே போதும், கிட்டவும் எடுக்கலாம், தூரத்துலயும் எடுக்கலாம்" என்று பாதி விலை லென்ஸை நீட்டுகிறார். போதாததற்கு, "வீட்டுல வச்சுப் பழகிப் பாருங்க" என்று சும்மாவே கொடுத்தனுப்புகிறார். எந்தக் கடையில் இது நடக்கும்? உன் கழுத்து வலித்தால் அவருக்கு எங்கே வலிக்கிறது?

அதனால் நீ குளிக்கும்போது நானே அதைக் கேமராவில் மாட்டிச் சன்னல் வழியாகச் சோதித்தேன். சுருக்கினால் தெரு முழுக்க விழுகிறது. நீட்டினால், எதிர்வீட்டு வாத்தியார் மொட்டைமாடியில் ஒளிந்து சிகரெட் பிடிப்பது தெரிகிறது. விட்டுவிட்டார் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

லென்ஸ் நல்ல லென்ஸ்தான், வாங்கிக்கொள்.

நான் தையற்கடைக்குப் போகிறேன்.

பி.கு.: தையற்கடை அந்தக் கேமராக் கடைக்காரர் வீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆள் எப்படி என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். அதுவரை அவர் வந்தால் டீ மட்டும் கொடு. பிஸ்கட்டைப் பற்றி நான் வந்து சொல்கிறேன்.

அம்மா