வாடகை வீட்டுக்கு ஒரு சாமியறை

அப்பா,

இன்று காலை புதுக்குடியிருப்பு வீட்டுக்குப் போயிருந்தேன். குசினிச் சுவரில் வெடிப்பு விட்டு மழைத்தண்ணீர் ஊறுகிறது என்று அங்கே வாடகைக்கு இருக்கும் பள்ளிக்கூட ரீச்சர், அக்காவுக்கு அறிவித்தாராம். அக்கா கொழும்பிலிருந்து போனில் கூப்பிட்டு, "ஒருக்காப் போய்ப் பார். உனக்குத்தானே அந்த வீட்டைப் பற்றித் தெரியும்" என்றாள். நனைந்த சீமெந்தின் மணம் வாசலிலேயே வந்துவிட்டது. அந்த மணம் வந்தால் எனக்கு உங்கள் முகம்தான் வரும். சுவரில் கையை வைத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தேன்.

"நீங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்தமோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"தங்கச்சி" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது.

அந்த வீட்டை நீங்கள் கட்டத் தொடங்கியபோது நான் பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நெல்லையும் மாட்டையும் தவிர வேறொன்றில் காசு போட்டறியாத மனிதர் நீங்கள். சந்தைக்குக் கிட்ட ஒரு துண்டுக் காணி வாங்கிவிட்டு விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு வந்து, வெளியூர் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இருக்க வீடில்லாமல் அலைகிறார்கள், கட்டிவிட்டால் மாதாமாதம் வாடகை வரும், இனி வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்றீர்கள். அம்மாகூடச் சிரித்தார்.

ஆனால் கட்டுகிற இடத்தில் நிற்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். நீங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு உழவுக்கும் மணல் ஏற்றவும் போகவேண்டும். அம்மாவால் மாடுகளை விட்டு வரமுடியாது. அக்காவுக்குக் கிளிநொச்சியில் தையல் ஆலை வேலை. ஒரு பின்னேரம் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே கேட்டீர்கள்.

"பிள்ளை, ஒரு வருசம் வந்து நில்லன். வீடு வாடகைக்குப் போனவுடன நீ திரும்பிப் படி. ரியூசன் வகுப்புக்கும் விடுறன். அந்த வாடகை உன்ர படிப்புக்குத்தான்."

நான் ஓம் என்று தலையாட்டிப் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே பயந்து சாகும் எனக்கு, ஒரு வருடம் அந்தப் பயம் இல்லை என்பதில் உள்ளூரக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

சுவர் எழும்ப எழும்ப நான் கிணற்றில் அள்ளித் தண்ணீர் விட்டேன். வெயிலில் சுவர் அதைக் குடித்துவிட்டு மறுபடி வெளுத்துவிடும். மேசன் அண்ணைக்கு என்னைச் சீண்டாமல் வேலை ஓடாது. "வீட்டுக்காரி, சுவர் குடிச்சது போதும். எங்களுக்கும் கொஞ்சம் தேத்தண்ணி காட்டுங்கோவன்" என்பார். நான் கிணற்றடிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். "ஓம், அவள்தானே வீட்டுக்காரி" என்று நீங்களும் சிரித்தீர்கள். விளையாட்டுச் சொல் என்று தெரிந்தும் அதை நான் நம்பினேன்.

கதவு நிலை வைத்தபிறகு, வடகிழக்கு மூலையில் சின்னதாக ஓர் அறை மறிக்கச் சொன்னீர்கள். மேசன் அண்ணை சாந்தகப்பையைக் கீழே வைத்தார்.

"வாடகை வீட்டுக்கு ஏனண்ணை சாமியறை? வாறவை சேர்ச்சுக்குப் போற வேதக்காரரெண்டால் என்ன செய்யிறது?"

"வீடெண்டால் சாமியறை இருக்கோணும்."

"அப்ப நீங்களே குடியிருங்கோ."

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவது மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத்தான். வாடகைக்கென்று கட்டி யாருக்கும் பழக்கமில்லை. பார்த்துப் பழகியபடி கட்டுகிறீர்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

பூச்சு வேலை முடிகிற தறுவாயில் வவுனியாவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தீர்கள். வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். கதவு போடாத வீட்டில் எல்லாப் பேச்சும் கேட்கும்.

"வாடகைக்கெண்டு கட்டினதாக் கேள்விப்பட்டம்" என்றார் வந்தவர்களில் வயதானவர்.

"சீச்சீ. இது மூத்தவளின்ர சீதனத்துக்கெண்டு கட்டினது. சாமியறையும் வைச்சிருக்கிறன், வந்து பாருங்கோ."

"மற்றப் பிள்ளை குறை நினையாதோ?"

"அவளோ? அவள் வாய் திறவாத பிள்ளை. ஒண்டும் சொல்லமாட்டாள்."

பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள். தட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். கோப்பையை எடுத்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தேத்தண்ணி நல்லாயிருக்குப் பிள்ளை" என்று அந்த ஐயாதான் சொன்னார்.

வீடு திரும்பும்போது லாண்ட்மாஸ்டர் இரைச்சலுக்கு மேலால், "பிறகு கதைப்பம் பிள்ளை" என்றீர்கள். கதைத்தது அம்மாதான், அக்காவைப் பற்றி. "கொக்காவுக்கு வயசு போகுது. வந்த சம்பந்தத்தை விடேலுமே? நீ சின்னப்பிள்ளை, உனக்குப் பிறகு பாப்பம்."

புதுவீட்டுக் குடிபூரல் அன்று அக்கா பால் காய்ச்சினாள். அவளில் எனக்குக் கோபமில்லை. எனக்கு என்ன சொல்லியிருந்தீர்கள் என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. கலியாணம் முடிந்தது, விதைப்பும் வந்தது. நீங்கள் கதைப்பீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வயல் வரம்பில் மயங்கி விழுந்த உங்களை உயிரோடு ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகவும் முடியவில்லை. "பொம்பிளைப்பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுத்த மனிசன்" என்று செத்தவீட்டில் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அழுகைக்குள் கோபமும் இருந்தது.

இப்போது நான் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். என்னோடு படித்தவர்கள் ரியூசன் முடிந்து கடைக்குள் வந்தால், துணி மடிக்கிற சாட்டில் குனிந்துகொள்வேன். அத்தானுக்கு வேலை கொழும்புக்கு மாறியதால் வீடு கடைசியில் வாடகைக்கே போய்விட்டது. நீங்கள் முதலில் போட்ட கணக்குப் பிழையாகப் போகவில்லை. வாடகை அக்காவுக்குப் போகிறது. சாமியறையில் ரீச்சரின் பிள்ளைகளுடைய சைக்கிள் நிற்கிறது.

எப்போது மனம் மாறினீர்கள், அப்பா? சம்பந்தம் வந்தபிறகா, சாமியறைக்கு மூலை காட்டியபோதேயா? சம்பந்தம் வந்தபிறகென்றால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். முதலிலேயே என்றால், நான் தண்ணீர் அள்ளிய அத்தனை பின்னேரமும் தெரிந்துகொண்டேதானே பார்த்து நின்றீர்கள்.

"பிள்ளை, இதைக் கொக்காவுக்குக் குடுப்பமோ" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் மனதாரக் கொடுத்திருப்பேன் என்று அம்மா நினைக்கிறார். எனக்கு அப்படி நிச்சயமில்லை. கொடுத்திருக்கவும் கூடும். மாட்டேன் என்று கத்தியிருக்கவும் கூடும். என் வாயிலிருந்து எது வந்திருக்கும் என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டுப் போய்விட்டீர்கள். கேட்காத அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.